கல்லக்குடிச் சுண்ணாம்புக்கல்: பவளத்திட்டு வளர்ந்த இடமும் பாறை கிடக்கும் இடமும்

நாமக்கல் பக்கமிருந்து கொல்லிமலை ஏறும் சாலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளும் காரவள்ளிக்கு மேலேதான் தொடங்குகின்றன. அச்சாலை அறுத்துச் செல்லும் சார்னோகைட்டும் நைஸும் ஏறத்தாழ 250 கோடி ஆண்டு பழமையானவை. அவற்றில் கடலுயிரின் சுவடு தேடிப் பயனில்லை. மேற்கே சங்ககிரியில் சிமெண்டுக்கு வெட்டும் சுண்ணாம்புக்கல்லும் ஆழத்தில் வெந்து மறுபடிகமானதே. கிழக்கே, பச்சைமலையையும் தாண்டி, இந்தப் பழம்பாறைத் தளம் தாழ்ந்து மறையும் விளிம்பில்தான் கிரெட்டேசியக் கடலின் மேற்குக் கரை இருந்தது. அந்தக் கரையை ஒட்டிய கல்லக்குடிச் சுண்ணாம்புக்கல்லே இக்கட்டுரையின் பொருள். அதன் வயது சுமார் 10 கோடி ஆண்டு.

இப்பாறைக்கு முதல் விளக்கம் தந்தவர் ஹென்றி பிளான்ஃபோர்டு. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்காகத் திருச்சி, தென்னார்க்காடு மாவட்டங்களை ஆராய்ந்து அவர் எழுதிய நூலுக்கு 1862, 1865 என இரண்டு ஆண்டுகளும் மேற்கோள்களில் வழங்குகின்றன. ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என்ற மூன்று பிரிவுகளும் அவர் வகுத்தவை. இன்றும் அவற்றின் மேல்தான் நிற்கிறோம். ஊட்டத்தூர்ப் பிரிவின் அடியில், மேற்கு விளிம்பை ஒட்டித் தனித்தனித் திட்டுகளாகத் தெரியும் சுண்ணாம்புக்கல்லைக் கரையோரப் பவளத்திட்டு என்று அவர் வாசித்தார். கரைப் பாறையைப் பற்றிப் பவளம் வளர்ந்தது, பின்னர் களிமண் வந்து மூடியது என்பதே அந்த வாசிப்பின் சாரம். பாடநூல்கள் இதைப் பல தலைமுறைகள் அப்படியே எடுத்தாண்டன. பவளங்களை இனம் பிரித்த ஸ்டோலிஸ்காவின் பெருந்தொகுதிகள் 1873இல் நிறைவடைந்தன; அவர் கேள்வி இனம் பற்றியதாக இருந்ததால் இடம் பற்றிய கேள்வி எழவேயில்லை.

பிளான்ஃபோர்டின் கூற்றில் பாதியை நான் ஏற்கிறேன். இக்கல் ஆழமற்ற, தெளிந்த, வெயில் புகும் நீரில்தான் பிறந்தது. பவளத்தோடு சேர்ந்து இக்கல்லைக் கட்டியவை சுண்ணம் படியவைக்கும் செம்பாசிகள். ஒளியில்லாமல் அவை வாழா. மேற்கு மேட்டிலிருந்து ஆறுகள் மிகுதியாகச் சேறு கொண்டுவந்திருந்தால் இவை மூச்சுத் திணறி மடிந்திருக்கும். ஆகவே திட்டு வளர்ந்த காலத்தில் அந்த மேட்டிலிருந்து வந்த வண்டல் குறைவு என்று கொள்ளலாம். பிறகு, இதற்கு மேல் படிந்த காரைக் களிப்பாறையின் காலத்தில் நிலைமை தலைகீழானது. காரை ஊருக்கு அருகே வெள்ளை ஜிப்சக் கீற்றுகளோடு பெலெம்னைட்டுகள் உதிர்ந்து கிடக்கும் அந்த வறண்ட ஓடைகளைப் பார்த்தவர்களுக்குக் களியின் அளவைச் சொல்லத் தேவையில்லை.

நான் மறுப்பது, இன்று காணும் சுண்ணாம்புக்கல் முழுதும் வளர்ந்த இடத்திலேயே நிற்கிறது என்னும் மறுபாதியை. பிளான்ஃபோர்டு பார்த்தது தரைமேல் துருத்திய பாறைகளை மட்டுமே. கல்லக்குடியில் சிமெண்டு ஆலை 1939இல்தான் வந்தது. குவாரி ஆழப்பட்ட பிறகே கல்லின் அடியும் பக்கமும் வெளிச்சத்துக்கு வந்தன. அங்கே திட்டுச் சுண்ணாம்புக்கல்லுக்கு அடியில் சாம்பல்நிறக் கடற்களிப்பாறை கிடக்கிறது. கரைப் பாறையைப் பற்றி வளர்ந்த திட்டுக்கு அடியில் நைஸ் இருக்க வேண்டுமே? இதைவிட முக்கியமானது இன்னொன்று. அடுக்கடுக்கான சுண்ணக்களிக்குள் பவளமும் பாசியும் செறிந்த சுண்ணாம்புக்கல் துண்டுகள் பதிந்து கிடக்கின்றன. சூழ்ந்த களியில் உள்ளவையோ திறந்த கடலில் மிதந்து வாழ்ந்த ஃபொராமினிஃபெரா என்னும் நுண்ணுயிர்கள். ஆழமற்ற நீரின் கல் ஆழமான நீரின் சேற்றுக்குள் எப்படி வந்தது? திட்டு உடைந்து சரிவில் நழுவி விழுந்தது என்பதைவிட எளிய விடை எனக்குத் தெரியவில்லை. காவிரிப் படுகை வடகிழக்கு-தென்மேற்காக ஓடும் பிளவுகளால் உருவானது. கடலடி படிப்படியாக இறங்கிக்கொண்டிருந்த இடத்தில் திட்டின் விளிம்பு நிலைத்து நின்றிருந்தால்தான் வியப்பு.

இதனால் காலக்கணக்கும் சிக்கலாகிறது. அடியிலுள்ள சாம்பல் களிப்பாறை கிரெட்டேசியத்தின் அல்பியன் கட்டத்தைச் சேர்ந்தது. மேலுள்ள சுண்ணக்களி அதை அடுத்த செனோமானியன் கட்டத்தது. இடையில் வரும் திட்டுக் கல்லின் வயதை, அதைச் சூழ்ந்த களியின் வயதைக் கொண்டே கணித்துவிடும் வழக்கம் உண்டு. பழைய கோயிலின் கல்வெட்டுக் கல்லைப் பிற்கால மதிலில் வைத்துக் கட்டியிருந்தால் மதிலின் காலத்தைக் கல்வெட்டின் மேல் ஏற்ற மாட்டோம். நழுவிய துண்டு தன்னைச் சூழ்ந்த களிக்கு மூத்தது என்பது மட்டுமே உறுதி; எவ்வளவு மூத்தது என்பதைக் களி சொல்லாது. திட்டு பின்-அல்பியனில் வளர்ந்ததா, செனோமானியன் தொடக்கத்திலும் வளர்ந்துகொண்டிருந்ததா என்பதை நான் தீர்க்க முயலவில்லை. காலத்தைத் துல்லியமாகக் காட்டும் அம்மோனைட்டுகள் திட்டுக் கல்லுக்குள் வாழும் இயல்புடையவை அல்ல.

எதிர்வாதம் ஒன்றுக்கு வலு உண்டு. விளிம்பு நெடுகிலும் உள்ள எல்லாத் திட்டுகளும் கல்லக்குடி போன்றவை அல்ல. மேற்கே பழம்பாறை மேலேயே அமர்ந்திருக்கும் கற்களுக்குப் பிளான்ஃபோர்டின் வாசிப்பே பொருந்தலாம். அப்படியானால் அவர் தவறியது ஒரே வாசிப்பை எல்லாத் திட்டுக்கும் நீட்டியதில்தான். சான்று குறைவான இவ்விடத்திலும் என் கருத்தை விடேன்: மேற்குத் திட்டுகள் நின்றவை என்று மெய்ப்பித்தாலும் கிழக்கே களிக்குள் கிடப்பவை நிற்கவில்லை.

இதைச் சோதிக்க வழி உண்டு. சிப்பியின் வெற்றுக் கூட்டுக்குள் கீழ்ப்பாதியில் சேறு படிந்து மேற்பாதி படிகத்தால் நிரம்பினால், இரண்டுக்கும் இடையிலான கோடு அன்றைய கிடைமட்டம். வளர்ந்த இடத்திலேயே நிற்கும் திட்டில் இக்கோடுகள் ஒன்றுக்கொன்று இணையாக, சுற்றியுள்ள அடுக்குகளோடும் ஒத்துப்போகும். நழுவி உருண்ட துண்டுகளில் துண்டுக்குத் துண்டு சாய்வு மாறும். மேற்கு விளிம்பிலிருந்து கிழக்குக் குவாரி வரை இச்சாய்வை வரிசையாக அளந்தால் எந்தத் திட்டு நின்றது, எது விழுந்தது என்று பிரித்துவிடலாம். ஆனால் துண்டின் திசையைக் குறிக்காமல் அருங்காட்சியகத்துக்கு எடுத்துச் சென்ற கல் இதற்கு உதவாது. பாறை குவாரி முகப்பில் இருக்கும்போதே அளக்க வேண்டும். அம்முகப்புகள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டுக்கொண்டே இருக்கின்றன. திருச்சி, அரியலூர் வட்டாரப் புவியியல் மாணவர்களும் ஆசிரியர்களும் குவாரி நிர்வாகங்களிடம் அனுமதி பெற்று, எஞ்சிய முகப்புகளைத் திசையோடும் சாய்வோடும் உடனே ஆவணப்படுத்த வேண்டும்.