விருதுநகர்

விருதுநகர், இந்தியாவின் தமிழ்நாடு மாநிலத்தில் உள்ள விருதுநகர் மாவட்டத்தின் தலைநகரமும் ஒரு நகராட்சியும் ஆகும். மதுரைக்குத் தெற்கே ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவில், மதுரை - கன்னியாகுமரி நெடுஞ்சாலையில் அமைந்துள்ளது. பருப்பு வகைகள், மிளகாய் வற்றல், மல்லி, எண்ணெய் வித்துகள், சமையல் எண்ணெய் ஆகியவற்றின் வணிகத்திற்குப் பெயர் பெற்ற இவ்வூர், தமிழ்நாட்டின் முன்னாள் முதலமைச்சர் காமராசர் பிறந்த ஊருமாகும்.

வற்றாத ஆறோ, துறைமுகமோ, பரந்த நஞ்சை நிலமோ இல்லாத விருதுநகர், பிற ஊர்களில் விளைந்த பொருள்களை வாங்கி விற்றே வளர்ந்தது. வணிகர்கள் தம் விற்பனையிலிருந்து ஒதுக்கிய "மகமை" என்னும் பொதுநிதியால் இங்குக் கல்விக்கூடங்கள் உருவானமை, இவ்வூர் வரலாற்றின் தனிச்சிறப்பு எனலாம்.

பெயர்

இவ்வூரின் பழைய பெயர் விருதுபட்டி ஆகும். பல ஊர்களில் வென்று பெற்ற விருதுகளோடு வந்த வீரன் ஒருவனை உள்ளூர் வீரன் ஒருவன் வெட்டி வீழ்த்தினான் என்றும், அதனால் இவ்வூர் "விருதுவெட்டி" எனப் பெயர் பெற்றுப் பின்னர் விருதுபட்டி என மருவியது என்றும் ஊர்வழக்குக் கதை ஒன்று உண்டு. 1915இல் நகராட்சியான இவ்வூரின் பெயர், 1923இல் விருதுநகர் என மாற்றப்பட்டது.

புவியியல்

விருதுநகர் கரிசல் நிலப்பகுதியில் அமைந்துள்ளது. ஊரை ஒட்டிச் செல்லும் கௌசிகா ஆறு ஆண்டின் பெரும்பகுதி வறண்டே கிடக்கும். சுற்றுப்புறச் சிற்றூர்களில் பருத்தி, கம்பு, சோளம், மல்லி, மிளகாய், எள், பயறு வகைகள் போன்றவை மானாவாரியாகப் பயிரிடப்படுகின்றன. மழை பொய்த்தால் விளைச்சலும் பொய்க்கும். அர்ச்சுனா ஆற்றின் குறுக்கே அமைந்த ஆனைக்குட்டம் நீர்த்தேக்கம் நகரின் குடிநீர் ஆதாரங்களுள் ஒன்றாகும்.

வரலாறு

பேட்டையும் மகமையும்

பாளையக்காரர் போர்கள் 1801இல் முடிவுற்ற பின்னர் தென்தமிழகத்தின் வழித்தடங்களில் பயணம் பாதுகாப்பானது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து கருப்பட்டி, உப்பு, கருவாடு போன்றவற்றை மாட்டுவண்டிகளில் ஏற்றி வடக்கு நோக்கி வந்த நாடார் வணிகர்கள், வழியில் வண்டிகளையும் சரக்குகளையும் பாதுகாப்பாக நிறுத்தி வைக்கச் சுற்றுமதிலும் கிணறும் கொண்ட பேட்டைகளை அமைத்தனர். இப்பேட்டைகளைச் சார்ந்தே வணிகக் குடியிருப்புகள் உருவாயின. விருதுபட்டி, சிவகாசி, அருப்புக்கோட்டை, திருமங்கலம், பாளையம்பட்டி, சாத்தங்குடி ஆகிய ஆறும் இவ்வாறு உருவான முதன்மையான ஊர்களாகும்.

பேட்டையைப் பயன்படுத்திய ஒவ்வொரு வணிகரும், தாம் விற்ற சரக்கின் அளவிற்கேற்பச் சிறு தொகை ஒன்றைப் பொதுவில் செலுத்தினர். இதுவே மகமை எனப்பட்டது. உறவின்முறை என்னும் ஊரமைப்பு இதனைத் தண்டி, கணக்கு வைத்து, செலவிட்டது. தொடக்கத்தில் பேட்டையின் பராமரிப்பிற்கும் காவலுக்கும் பயன்பட்ட இந்நிதி, பின்னர் கோயில், கிணறு, பள்ளி ஆகியவற்றிற்கும் பயன்படலாயிற்று.

அக்காலத்தில் நாடார்களுக்குப் பல ஊர்களில் கோயில் நுழைவும் பொதுக்கிணறுகளைப் பயன்படுத்தும் உரிமையும் மறுக்கப்பட்டிருந்தன. கமுதி கோயில் நுழைவு வழக்கும் 1899ஆம் ஆண்டின் சிவகாசிக் கலவரமும் இவ்வட்டாரத்தில் நிலவிய பகையின் வெளிப்பாடுகளாகும். செல்வம் சேர்த்தும் மதிப்புக் கிட்டாத சூழலில், பொதுநிதியைக் கல்விக்குச் செலவிடுவது உரிமைக்கான வழியாகக் கருதப்பட்டது.

தொடர்வண்டிப் பாதை

1860களில் அமெரிக்க உள்நாட்டுப் போரின் விளைவாக இந்தியப் பருத்திக்குத் தேவை பெருகியபோது, கரிசல் பகுதியின் பருத்தி வணிகம் விரிவடைந்தது. 1876இல் மதுரை - தூத்துக்குடி தொடர்வண்டிப் பாதை திறக்கப்பட்டதால், விருதுபட்டி ஒருபுறம் துறைமுகத்துடனும் மறுபுறம் மதுரை, சென்னை ஆகிய நகரங்களுடனும் இணைந்தது. 1927இல் சிவகாசி, இராசபாளையம் வழியாகத் தென்காசிக்குக் கிளைப்பாதை திறக்கப்பட்டது. இது ஏற்கனவே இருந்த செங்கோட்டை - கொல்லம் பாதையுடன் இணைந்ததால், கேரளப் பகுதியுடனான வணிகமும் எளிதாயிற்று. 1960களில் அருப்புக்கோட்டை வழியாக மானாமதுரைக்கும் பாதை அமைந்தபின் விருதுநகர் ஒரு சந்திப்பு நிலையமாக வலுப்பெற்றது.

கல்வி

1880களில் தொடங்கப்பட்ட சத்திரிய வித்தியாசாலை, மகமை நிதியில் உருவான பள்ளிகளுள் முன்னோடியானது. இப்பள்ளிக்காக வீடுதோறும் நாள்தோறும் ஒரு பிடி அரிசி ஒதுக்கி வைத்து அளிக்கும் "பிடி அரிசி" முறையும் பின்பற்றப்பட்டது. வணிகரின் மகமையும் இல்லங்களின் அரிசியும் சேர்ந்தே பள்ளியை நடத்தின.

1903ஆம் ஆண்டு சூலை 15 அன்று விருதுபட்டியில் பிறந்த காமராசர் இப்பள்ளியில் பயின்றார். ஆறு வயதில் தந்தையை இழந்த அவர், குடும்பச் சூழலால் படிப்பை இடையில் நிறுத்தி, தாய்மாமனின் துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்தபோது, ஊர்தோறும் பள்ளிகளைத் திறந்ததுடன், பள்ளிகளில் மதிய உணவுத் திட்டத்தையும் விரிவாகச் செயல்படுத்தினார்.

1947இல் செந்திக்குமார நாடார் கல்லூரியும், 1962இல் வன்னியப்பெருமாள் பெண்கள் கல்லூரியும், 1998இல் காமராசர் பொறியியல் கல்லூரியும் தொடங்கப்பட்டன. அரசு மருத்துவக் கல்லூரி 2022ஆம் ஆண்டு சனவரியில் திறந்து வைக்கப்பட்டது.

அரசியல் நிகழ்வுகள்

சென்னை மாநிலத்திற்குத் தமிழ்நாடு எனப் பெயரிடுதல் உள்ளிட்ட கோரிக்கைகளை முன்வைத்து, சங்கரலிங்கனார் 1956ஆம் ஆண்டு சூலை 27 அன்று விருதுநகரில் உண்ணாநோன்பு தொடங்கினார். நோன்பைக் கைவிடாத அவர் அக்டோபர் 13 அன்று உயிர் துறந்தார். மாநிலத்தின் பெயர் 1969ஆம் ஆண்டு சனவரி 14 முதல் தமிழ்நாடு என மாறியது. 1967ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலில் காமராசர் தம் சொந்த ஊரான இத்தொகுதியில் தி.மு.க.வின் பெ. சீனிவாசனிடம் 1,285 வாக்குகள் வேறுபாட்டில் தோல்வியுற்றார்.

1985இல் இராமநாதபுரம் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது, விருதுநகரைத் தலைநகராகக் கொண்டு காமராசர் மாவட்டம் உருவாக்கப்பட்டது. இது 1997இல் விருதுநகர் மாவட்டம் எனப் பெயர் மாற்றப்பட்டது.

பொருளாதாரம்

சந்தை இயங்கும் முறை

விருதுநகர்ச் சந்தையில் விற்கப்படும் சரக்குகளுள் பெரும்பகுதி இவ்வூரில் விளைந்தவை அல்ல. இராமநாதபுரம் பகுதியிலிருந்து முண்டு மிளகாய் வற்றல், வட மாநிலங்களிலிருந்து துவரை, கடலை, மியான்மரிலிருந்து உளுந்து, மலைப்பகுதிகளிலிருந்து காப்பிக்கொட்டை, ஏலக்காய் என வெவ்வேறு இடங்களிலிருந்து சரக்குகள் வருகின்றன. இவற்றுள் இராமநாதபுரம் முண்டு மிளகாய் 2023இல் புவிசார் குறியீடு பெற்றது.

கமிசன் மண்டிக்காரர் சரக்கைத் தம் பொறுப்பில் இருப்பு வைத்து, வாங்குவோரைத் தேடி விற்றுக் கொடுத்து, விலையில் ஒரு பங்கைத் தரகாகப் பெறுவார். விற்பவருக்கு முன்பணமும் வாங்குபவருக்குக் கடனும் அளிப்பதால், வணிகம் பெருமளவு நம்பிக்கையையும் நாணயத்தையும் சார்ந்தது. பருப்பு ஆலைகள், எண்ணெய் ஆலைகள், கிட்டங்கிகள் ஆகியன இவ்வணிகத்தைச் சார்ந்து வளர்ந்தன.

விருதுநகர்ச் சந்தை விலை நிலவரம் தமிழ் நாளிதழ்களில் நெடுங்காலமாக வெளியிடப்பட்டு வருகிறது. பருப்பு வகைகள் 100 கிலோ மூட்டைக்கும், மல்லி 40 கிலோ மூட்டைக்கும், எண்ணெய் 15 கிலோ டின்னுக்கும் எனச் சரக்கிற்கேற்ற அளவில் விலை குறிக்கப்படுவது வழக்கம். தொலைவிலுள்ள சிறு மளிகைக் கடைக்காரரும் இதனைக் கொண்டு தம் கொள்முதல் விலையைச் சரிபார்க்க முடிந்தது.

எண்ணெய்

எள்ளும் நிலக்கடலையும் எளிதில் கிடைத்ததால் நல்லெண்ணெய், கடலை எண்ணெய் உற்பத்தி இங்கு முதன்மையான தொழிலாயிற்று. மூட்டையாகவும் டின்னாகவும் விற்ற வணிகக் குடும்பங்களுள் சில பின்னர் சிறு பொட்டலங்களில் வணிகப்பெயருடன் விற்கத் தொடங்கின. இதயம் நல்லெண்ணெய் இவ்வாறு விருதுநகரிலிருந்து பரவலாக அறியப்பட்ட வணிகப்பெயராகும். எண்ணெயில் பொரித்தெடுக்கப்படும் எண்ணெய்ப் பரோட்டாவும் இவ்வூரின் பெயரோடு இணைத்தே அறியப்படுகிறது.

மாற்றங்கள்

இறக்குமதியாகும் பாமாயில், உள்நாட்டு வித்துகளிலிருந்து எண்ணெய் எடுக்கும் ஆலைகளுக்குப் போட்டியாக அமைந்தது. விலைச் செய்தி கைபேசியில் உடனுக்குடன் கிடைப்பதால், விலையை முன்கூட்டியே அறிந்திருப்பதில் சந்தை வணிகருக்கு இருந்த சாதகம் குறைந்துள்ளது. அரசு விதிக்கும் இருப்பு வரம்புகளும் இறக்குமதிக் கொள்கையும் பருப்பு வணிகத்தை நேரடியாகப் பாதிக்கின்றன.

நகராட்சி எல்லைக்குள் மக்கள்தொகை 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 73,003 ஆகவும், 2011இல் 72,296 ஆகவும் இருந்தது. சந்தைப் பணத்தில் படித்த தலைமுறையினர் பலர் வேறு தொழில்களுக்கும் வேறு நகரங்களுக்கும் சென்றுவிட்டனர். சந்தை கல்வியை வளர்த்தது. அக்கல்வியே சந்தையை விட்டு வெளியேறும் வழியுமாயிற்று.

விழாக்கள்

பராசக்தி மாரியம்மன் கோயிலின் பங்குனிப் பொங்கல் விழா நகரின் முதன்மையான விழாவாகும். விழாவையொட்டிப் பொருட்காட்சியும் நடத்தப்படுகிறது. வெளியூர்களில் வாழும் விருதுநகர்க்காரர்கள் இவ்விழாவிற்காக ஊர் திரும்புவது வழக்கம்.