போடி மலையும் சின்னக் காரும்

போடிநாயக்கனூரில் கார் வாங்குவது என்பது மதுரையில் கார் வாங்குவது போன்றதல்ல. மதுரைக்காரர் விலையையும் மைலேஜையும் பார்ப்பார். போடிக்காரர் இவற்றோடு மலையையும் பார்க்க வேண்டும். ஊரை விட்டு மேற்கே போனால் முந்தல். அதைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்கிவிடும். 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு, அதற்கப்பால் கேரளம், ஏலக்காய்த் தோட்டங்கள். ஊருக்கும் மெட்டுக்கும் உயர வித்தியாசம் சுமார் ஆயிரம் மீட்டர். இந்த ஒரு சாலைதான் அந்த ஊரில் எந்த வண்டி நிலைக்கும், எது நிலைக்காது என்பதைப் பல காலம் தீர்மானித்து வந்திருக்கிறது.

காருக்கு முந்தைய கதையையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். மூணாறு தேயிலை ஒரு காலத்தில் சாலை வழியாகக் கீழே வரவில்லை. குண்டளைப் பள்ளத்தாக்கில் 1902-ல் ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடியது. 1908-ல் அது சிறு ரயிலாக மாறியது. தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷன் வரை அதில் வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கி, பிறகு மாட்டு வண்டியில் போடிக்கு வந்தன. 1924 வெள்ளம் அந்த ரயில் பாதையை அடித்துக்கொண்டு போனது, அது மறுபடி போடப்படவே இல்லை. 1928-ல் மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தாலும் அது அடிவாரத்தோடு நின்றுவிட்டது. மேலே போக வேண்டுமென்றால் சக்கரமும் சாலையும்தான் வழி.

சுதந்திரத்துக்குப் பிறகு மலைக்குப் பொருத்தமாக வந்தது ஜீப். மும்பையின் மஹிந்திரா நிறுவனம் 1940-களின் இறுதியில் வில்லிஸ் ஜீப்பை இந்தியாவில் பூட்டத் தொடங்கியது. தோட்டத்துக்கு ஆள் ஏற்றவும் மூட்டை இறக்கவும் அதை விட்டால் வேறு வண்டி கிடையாது. தினமும் விடியற்காலையில் ஜீப்புகள் தொழிலாளர்களை நெருக்கி ஏற்றிக்கொண்டு மலையேறுவது இன்றும் தேனி மாவட்டத்தில் வழக்கமான காட்சி. ஆனால் ஜீப் வேலைக்கான வண்டி. பிள்ளைகளைப் பள்ளியில் விடவும், மதுரை ஆஸ்பத்திரிக்குப் போகவும், கல்யாணத்துக்குப் போகவும் ஒரு குடும்பத்துக்குக் கார் வேண்டும். சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது.

அப்போது தேர்ந்தெடுக்க இருந்தவை மூன்றே மூன்று. கல்கத்தா அருகே உத்தரபாராவில் 1957 முதல் தயாரான அம்பாசிடர், பம்பாயில் தயாரான பியட் (பின்னாளில் பிரீமியர் பத்மினி), 1961 முதல் நம் சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. ஹெரால்டு 948 சி.சி. என்ஜினும் அழகான தோற்றமும் கொண்ட, மூன்றிலும் சிறிய கார். தமிழ்நாட்டில் செய்த கார் தமிழ்நாட்டு மலையில் பேர் வாங்கியிருக்க வேண்டும் என்று தோன்றும். ஆனால் நின்றது அம்பாசிடர்தான். காரணம் எளிது. அம்பாசிடரின் பின்பக்கத்தில் லாரியைப் போலவே ஸ்பிரிங் பட்டை இருந்தது, உடைந்தால் எந்தப் பட்டறையிலும் சரி செய்யலாம். உதிரிபாகம் எந்த ஊரிலும் கிடைக்கும். ஏற்றத்தில் ரேடியேட்டர் கொதித்தால் ஓரம் கட்டி, ஆறவைத்து, தண்ணீர் ஊற்றிவிட்டுக் கிளம்பலாம். பெட்ரோல் குடிப்பதுதான் அதன் குறை. லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் கிடைத்தாலே பெரிது. 1973-லும் 1979-லும் உலகச் சந்தையில் எண்ணெய் விலை எகிறியபோது அந்தக் குறை மிகப் பெரிதாகத் தெரிந்தது. 1980 வாக்கில் அம்பாசிடர் டீசல் என்ஜினோடு வந்தது இதனால்தான். ஆனால் அந்த என்ஜினின் சக்தி சுமார் 37 குதிரைத் திறன்தான். ஒரு டன்னுக்கும் மேல் எடையுள்ள வண்டியை அது மலை மேல் இழுத்துப் போக எவ்வளவு திணறியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்!

சிறிய, மலிவான கார் வேண்டும் என்ற பேச்சு அரசாங்கத்தில் 1950-களிலேயே தொடங்கிவிட்டது. 1959-ல் எல்.கே.ஜா குழு இதைப் பரிந்துரைத்தது. கோவையில் ஜி.டி.நாயுடு 1952-லேயே 2,000 ரூபாய்க்கு இரண்டு பேர் அமரும் கார் செய்தார், அரசு அனுமதி கிடைக்காமல் அது நின்றுபோனது என்று சொல்வார்கள். லைசென்சு காலத்தின் விநோதம் அது. கார் வேண்டுமென்றால் பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆகவே ஒரு கார் கிடைத்தால் அதை இருபது வருடம் வைத்திருப்பது சிக்கனம் மட்டுமல்ல, வேறு வழியில்லாததும் கூட.

1983 டிசம்பர் 14 அன்று மாருதி 800 வெளிவந்தது. முதல் காரின் சாவியைப் பிரதமர் இந்திரா காந்தி குலுக்கலில் தேர்வான ஒருவரிடம் கொடுத்தார். விலை சுமார் 50 ஆயிரம் ரூபாய். 796 சி.சி., மூன்று சிலிண்டர், எடை அம்பாசிடரில் ஏறக்குறைய பாதி. இங்குதான் ஒரு கணக்கு கவனிக்கத்தக்கது. இதன் சக்தியும் 37 குதிரைத் திறன் அளவுதான், டீசல் அம்பாசிடருக்குச் சமம். ஆனால் பாதி எடையை இழுப்பதால் ஏற்றத்தில் அது துள்ளி ஓடியது. கடல் மட்டத்திலிருந்து மேலே போகப் போகக் காற்று மெலிந்து, நூறு மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு சதவீதம் வீதம் என்ஜினின் சக்தி குறையும். போடிமெட்டில் பத்து சதவீதத்துக்கும் மேல் போய்விடும். எடை குறைந்த வண்டிக்கு அந்த இழப்பும் அவ்வளவாகத் தெரியாது.

ஆனாலும் மாருதிக்கு மலையில் ஒரு பலவீனம் உண்டு. இது முன்சக்கர இழுவை வண்டி. செங்குத்தான ஏற்றத்தில் எடை பின்னால் சாய்வதால் முன்சக்கரங்களின் பிடி குறையும். தார்ச்சாலையில் கவலையில்லை. மழையில் நனைந்த தோட்டத்து மண் பாதையில் நாலு பேரை ஏற்றிக்கொண்டு போனால் சக்கரம் சுற்றும், வண்டி நகராது. தகடும் மெல்லியது. மலைக்கு இந்தப் பக்கம் மழை மறைவுப் பிரதேசம் என்பதால் வண்டி துருப்பிடிப்பது மெதுவாகத்தான் நடக்கும். மேலே, மூடுபனியில் நிற்கும் வண்டிக்கு ஆயுள் குறைவு. ஒரே மாதிரி கார் மலையின் இரண்டு பக்கத்திலும் வேறு வேறு விதமாக வயதாகிறது. ஆகவே மலைக்கு ஜீப், ஊருக்கு மாருதி என்ற பிரிவினை நியாயமானதே. இரண்டும் வாங்க முடிந்தவருக்கு அது தீர்வு. ஒன்றுதான் வாங்க முடியும் என்பவருக்கு?

அவருக்கு ஏலக்காய் விலைதான் பதில் சொல்ல வேண்டும். 2019 ஆகஸ்டில் ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போன காய், சில ஆண்டுகளிலேயே சராசரி ஆயிரத்துக்கும் கீழே வந்தது. விலை ஏறிய ஆண்டில் பெரிய வண்டிக்குத் தவணை எழுதியவர் விலை இறங்கிய ஆண்டில் அதைக் கட்டத் தவிப்பார். மாதாமாதம் சம்பளம் வாங்குபவரின் கணக்கு வேறு, வருடத்தில் சில மாதம் காய் பறிப்பவரின் கணக்கு வேறு. சின்னக் கார், பழைய கார், ரொக்கம் கொடுத்து வாங்கிய கார் என்பது இங்கே கஞ்சத்தனமாகாது.

மேலே ஏறுவதை விட இறங்குவதில்தான் வண்டியின் வயது தெரியும். ஏறின கியரிலேயே இறங்க வேண்டும் என்பது மலை ஓட்டுநர்களின் பழைய விதி. நியூட்ரலில் விட்டு பெட்ரோல் மிச்சம் பிடிப்பவர் பிரேக்கைச் சூடாக்கித் தேய்த்துவிடுவார். அந்த வளைவுகளில் பிரேக் போனால் பிறகு கணக்குப் பார்க்க ஆள் இருக்காது. பல வருடம் வைத்திருக்க நினைத்துப் பழைய கார் வாங்குபவர் பெயிண்டைப் பார்ப்பதற்கு முன் பிரேக்கையும் கிளட்ச்சையும் பார்ப்பது நல்லது.

2000-ஆம் ஆண்டு வாக்கில் மாருதி 800-ல் கார்புரேட்டர் போய் எம்.பி.எஃப்.ஐ. வந்தது. மாசு விதிகள் இறுகியதால் 2010-ல் பெருநகரங்களில் விற்பனை நின்றது, 2014 ஜனவரியில் தயாரிப்பே நின்றது. அதே ஆண்டு மே மாதம் அம்பாசிடர் ஆலையும் மூடப்பட்டது. ஒரு லட்ச ரூபாய்க் கார் என்று 2009-ல் விற்பனைக்கு வந்த நானோ 2018-ல் முடிந்துபோனது. பதினைந்து வருடம் ஆன காருக்கு எஃப்.சி. பார்த்து ஆர்.சி.யைப் புதுப்பித்தால் மேலும் ஐந்து வருடம் ஓட்டலாம். 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயாக உயர்ந்தது. பழைய 800-ஐ விற்காமல் வைத்திருப்பவர் பெட்ரோல் செலவோடு இதையும் சேர்த்துத்தான் கூட்ட வேண்டியிருக்கிறது.