தாதியர் பெயரில் ஒரு பீப்பாய்

இன்றைய உரைக்கு நான் எடுத்துக்கொண்டது ஒரு பிரெஞ்சு வைன் தோட்டத்தின் வரலாறு. மதுவால் ஈரல் கெட்டு வந்தவர்களைப் பராமரித்த தாதி ஒருத்தி இதைப் பேசுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் இந்தத் தோட்டத்தின் சொந்தக்காரர் ஒரு வைத்தியசாலை. என்னை இதற்குள் இழுத்தது அந்த முரண்தான்.

பேர்கண்டிப் பிரதேசத்தில் போன் என்று ஒரு சிறுநகரம் இருக்கிறது. நூறாண்டுப் போர் அந்தப் பகுதியைச் சீரழித்திருந்தது. 1435இல் அராஸ் நகரில் சமாதானம் எழுதப்பட்ட பிறகும், வேலையிழந்த படைவீரர்கள் ஊர் ஊராகக் கொள்ளையடித்துத் திரிந்தார்கள். பஞ்சமும் நோயும் கூடவே இருந்தன. பேர்கண்டிக் கோமகனின் தலைமை அமைச்சர் நிக்கொலா ரொலானும் அவருடைய மனைவி கிகோன் து சலானும் 1443இல் அங்கே ஏழைகளுக்கென ஒரு வைத்தியசாலையை நிறுவினார்கள். முதல் நோயாளி 1452 ஜனவரி 1ஆம் திகதி உள்ளே வந்தார்.

ரொலான் பெரும் செல்வந்தர். பதவியில் இருந்து சேர்த்த செல்வத்துக்கு அவர் தேடிய பரிகாரம் இது என்று சொல்பவர்கள் உண்டு. இருக்கலாம். நோயாளர் கூடத்தின் கோடியில், பலிபீடத்துக்கு மேலே வைக்க அவர் வரைவித்த ஓவியமும் இறுதித் தீர்வைதான். ரோஜியர் வன் டெர் வைடன் வரைந்தது. மிக்கேல் அதிதூதர் தராசில் ஆன்மாக்களை நிறுத்துக்கொண்டு நிற்கிறார். கட்டிலில் கிடந்தபடியே பூசை காணலாம். சாகக் கிடப்பவரின் கண்ணெதிரே அந்தத் தராசு ஆறுதலா, அச்சமா என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. அதைக் கட்டளையிட்டவரும் அதே தராசில் ஏறவேண்டியவர்தானே.

கணவர் இறந்த பிறகு கிகோன் அந்த வைத்தியசாலையிலேயே பணிசெய்து, 1470இல் இறந்து, அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்.

1457இல் கியமெத் லெவெர்னியே என்ற பெண் வைத்தியசாலைக்குத் திராட்சைத் தோட்டத்தைத் தானமாகக் கொடுத்தார். அதுதான் தொடக்கம். நூற்றாண்டுகளாகத் தானங்கள் சேர்ந்து இன்று ஏறக்குறைய 60 ஹெக்டேயர். 1859 முதல் அந்த வைன் பகிரங்க ஏலத்தில் விற்கப்படுகிறது. இப்போது ஆண்டுதோறும் நவம்பர் மூன்றாம் ஞாயிறு. விற்பது போத்தல்களை அல்ல. அந்த ஆண்டின் புது வைனை 228 லீற்றர் பீப்பாய்களாக. வாங்குபவர் அதை வணிகரிடம் முதிரவைத்துப் பிறகு போத்தலில் அடைக்கிறார். வரும் பணம் இன்றைய நவீன வைத்தியசாலைக்கும் முதியோர் இல்லங்களுக்கும் போகிறது. பழைய கட்டடத்திலிருந்து வைத்தியசாலை 1971இல் இடம் மாறியது; அது இப்போது அருங்காட்சியகம்.

அண்மைய அறுவடைகளைப் பார்த்தால் இந்த வருமானம் எவ்வளவு நிலையற்றது என்று புரியும். 2021 ஏப்ரலில் விழுந்த உறைபனி துளிர்களைக் கருக்கியது. ஏலத்துக்கு வந்தவை சுமார் 350 பீப்பாய்கள். 2022இல் வானம் இரங்கியது: 800ஐத் தாண்டின. அந்த ஆண்டு நற்பணிக்கென ஒதுக்கிய ஒற்றைப் பீப்பாய் மட்டும் 810,000 யூரோவுக்குப் போனது. 2024இல் ஓயாத மழை, இலையில் பூஞ்சணம். மறுபடியும் 440ஐ ஒட்டி இறங்கியது. ஒரு வைத்தியசாலையின் வரவுசெலவில் ஏப்ரல் இரவொன்றின் குளிரும் ஒரு வரி.

2015 முதல் இந்தத் தோட்டத்தையும் வைன் தயாரிப்பையும் பொறுப்பேற்று நடத்துபவர் லூடிவின் கிறிவோ. அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். முதல் தோட்டத்தைக் கொடுத்தவர் ஒரு பெண், நோயாளர்களைக் கழுவித் துடைத்து உணவூட்டியவர்கள் கன்னியர்கள். அப்படியிருக்க இந்த இடத்துக்கு ஒரு பெண் வர ஐந்தரை நூற்றாண்டு ஆகியிருக்கிறது.

மதுவின் தீங்கை இந்த வரலாறு துடைத்துவிடாது. ஈரல் வாட்டில் வேலைசெய்த எவரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். நான் சொல்ல விரும்புவது வேறு. இங்கே வைன்களுக்குத் தானம் செய்தவர்களின் பெயரைச் சூட்டுவார்கள். நிக்கொலா ரொலான் பெயரில் ஒன்று, கிகோன் பெயரில் ஒன்று. இன்னொன்றின் பெயர் ‘தாம் ஒஸ்பித்தாலியேர்’. வைத்தியசாலைப் பெண்கள், அதாவது அங்கே தாதிமாராக உழைத்த கன்னியர்கள். தனித்தனிப் பெயர்களில்லை. ஆனால் நிலம் கொடுத்தவர்களின் வரிசையில் இரவுக் கடமை பார்த்தவர்களையும் வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊர் வைத்தியசாலைச் சுவர்களில் உபயகாரர் பெயர் பொறித்த கற்கள் நிறைய உண்டு. அந்த வரிசையில் தாதியருக்கு ஒரு கல்லை நான் இன்னும் காணவில்லை.