ஜாக் கிர்பியும் திரும்பி வராத பக்கங்களும்

2022 ஜனவரியில் அமெரிக்காவில் ஒரு ஏலம் நடந்தது. விலை போனது தங்கமோ வைரமோ அல்ல, ஒரே ஒரு காகிதம்! மார்வெல் நிறுவனம் 1984-ல் வெளியிட்ட 'சீக்ரெட் வார்ஸ்' 8-வது இதழில் வந்த ஒரு பக்கத்தின் ஒரிஜினல் அது. ஸ்பைடர்மேனுக்குக் கறுப்பு உடை எப்படிக் கிடைத்தது என்று சொல்லும் பக்கம். பென்சிலில் வரைந்தவர் மைக் செக். விலை 33 லட்சம் டாலருக்கும் மேல்.

அச்சான புத்தகம் ஆயிரக்கணக்கில் கிடைக்கும்போது இந்தக் காகிதத்தில் மட்டும் அப்படி என்ன இருக்கிறது?

அந்தக் காலத்தில் காமிக்ஸ் பக்கத்தை அச்சாகும் அளவைவிடப் பெரிய அட்டையில்தான் வரைவார்கள். முதலில் ஒருவர் பென்சிலில் வரைவார். வசனத்தை எழுத இன்னொருவர் இருப்பார். மூன்றாமவர் பென்சில் கோட்டின் மேல் மை போடுவார். பிறகு அதைப் புகைப்படம் எடுத்து அச்சுக்கு அனுப்புவார்கள். வண்ணம் எல்லாம் தனி வேலை. அதனால் ஒரிஜினல் பக்கம் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில்தான் இருக்கும். அழிக்காமல் விட்ட பென்சில் கோடு, வெள்ளை மை பூசித் திருத்திய இடம், ஒட்டிய துண்டுக் காகிதம் எல்லாம் அதில் அப்படியே தெரியும்.

ஜாக் கிர்பியின் பக்கங்களில் இன்னொரு முக்கியமான விஷயமும் உண்டு. அதுதான் ஓரக்குறிப்பு.

1917-ல் நியூயார்க்கில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர் கிர்பி. ஜோ சைமனோடு சேர்ந்து கேப்டன் அமெரிக்காவை உருவாக்கினார். 1961-ல் தொடங்கி ஸ்டான் லீயோடு சேர்ந்து ஃபென்டாஸ்டிக் ஃபோர், ஹல்க், தோர், எக்ஸ்-மென், பிளாக் பேந்தர் என்று வரிசையாகப் படைத்தார். மார்வெலில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. கதையைப் பற்றிச் சுருக்கமாகப் பேசிக்கொள்வார்கள், ஓவியர் போய் முழுக் கதையையும் படமாக வரைந்து வருவார், அதன் பிறகுதான் வசனம் எழுதப்படும். ஒவ்வொரு கட்டத்திலும் என்ன நடக்கிறது என்று கிர்பி பக்கத்தின் ஓரத்தில் பென்சிலில் எழுதி வைப்பார். அந்த ஓரம் அச்சில் வராது. ஆக, கதையில் யாருடைய பங்கு எவ்வளவு என்ற கேள்விக்கு அவர் கையெழுத்திலேயே சாட்சி சொல்வது ஒரிஜினல் பக்கம் மட்டுமே!

ஆனால் அன்று இதையெல்லாம் யாரும் பொக்கிஷமாக நினைக்கவில்லை. அச்சு முடிந்தால் பக்கத்தின் வேலையும் முடிந்தது. சில கிடங்குக்குப் போயின, சில குப்பைக்குப் போயின, பல திருடு போயின. வரைந்தவர்களுக்குத் திருப்பித் தரும் வழக்கமே 1970-களில்தான் வந்தது. அதற்காகப் போராடியவர்களில் நீல் ஆடம்ஸ் முக்கியமானவர்.

பழைய பக்கங்களைக் கொடுக்கும்போது மார்வெல் மற்ற ஓவியர்களிடம் ஒரு பக்கப் படிவத்தில் கையெழுத்து வாங்கியது. கிர்பிக்கு மட்டும் 1984-ல் நான்கு பக்கப் படிவம் வந்தது. பாத்திரங்கள் மீது அவர் எந்த உரிமையும் கோரக்கூடாது என்பதே அதன் சாரம். பதிலுக்குத் தருவதாகச் சொன்னது வெறும் 88 பக்கங்கள். அந்த நிறுவனத்துக்காக அவர் வரைந்ததோ பத்தாயிரம் பக்கங்களுக்கும் மேல் என்று மதிப்பிடுகிறார்கள்!

கிர்பி கையெழுத்துப் போடவில்லை. அப்போது அவருக்கு வயது 67. 'தி காமிக்ஸ் ஜர்னல்' பத்திரிகை இதைப் பெரிய பிரச்சினையாக எழுப்பியது. ஃபிராங்க் மில்லர், ஆலன் மூர் போன்ற அடுத்த தலைமுறைக் கலைஞர்கள் அவர் பக்கம் நின்றார்கள். கடைசியில் 1987-ல், திருத்திய படிவத்தின் பேரில், ஏறத்தாழ 2,000 பக்கங்கள் அவர் வீடு வந்து சேர்ந்தன. மற்றவை வரவே இல்லை. 1994-ல் கிர்பி காலமானார். பாத்திரங்களின் உரிமைக்காக அவருடைய பிள்ளைகள் நடத்திய வழக்கு 2014-ல் சமரசத்தில் முடிந்தது. அதன் பிறகு மார்வெல் இதழ்களில் ஸ்டான் லீயோடு கிர்பியின் பெயரும் படைத்தவராக அச்சாகத் தொடங்கியது.

இதே துறையில் வேறு மாதிரியான ஒரு சம்பவமும் நடந்தது. ஸ்பைடர்மேன் முதன்முதலில் தோன்றிய 1962-ம் ஆண்டு இதழுக்கு ஸ்டீவ் டிட்கோ வரைந்த 24 ஒரிஜினல் பக்கங்களும் யாரோ ஒருவரிடம் பத்திரமாக இருந்தன. விற்றிருந்தால் கோடிகள் கிடைத்திருக்கும். ஆனால் 2008-ல் அவர் அத்தனையையும் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்கு இலவசமாகக் கொடுத்துவிட்டார், தன் பெயரைக்கூட வெளியே சொல்லவில்லை. இன்று ஆராய்ச்சியாளர்கள் அங்கே போய் டிட்கோ திருத்திய இடங்களைக்கூடப் பார்க்கலாம்.

கிர்பியின் மீதிப் பக்கங்களில் சில அவ்வப்போது ஏலத்துக்கு வருகின்றன. வாங்குபவர்கள் முதலில் பார்ப்பது படத்தைத்தான். வரலாறு படிப்பவர்கள் கொஞ்சம் ஓரத்தையும் பார்க்க வேண்டும்.