காங்கிரசின் ஆண்டு மாநாடுகள்: எழுச்சியும் தளர்ச்சியும்

இந்திய தேசிய காங்கிரசு 1885 டிசம்பரில் பம்பாயில் 72 பேராளர்களுடன் முதன்முதலாகக் கூடியது. பின்னர் ஆண்டுதோறும் வெவ்வேறு நகரங்களில் கூடுவது வழக்கமாயிற்று. 1887இல் சென்னையில் கூடியது. பந்தலும் ஊர்வலமும் மட்டுமே மக்களை ஈர்க்கவில்லை. கட்சியின் முடிவுகளும் அங்கேயே எடுக்கப்பட்டன. 1922 கயா மாநாட்டில் சட்டமன்ற நுழைவை ஆதரித்த மாநாட்டுத் தலைவர் சித்தரஞ்சன் தாசு, இராஜாஜி முதலானோரின் எதிர்ப்பால் வாக்கெடுப்பில் தோற்றார். பதவி விலகிச் சுயராச்சியக் கட்சியைத் தொடங்கினார்.

விடுதலைக்குப்பின் கட்சி ஆட்சியில் அமர்ந்தது. முடிவெடுக்கும் இடம் அமைச்சரவைக்கு நகர்ந்தது. 1955 ஆவடி மாநாடு, தலைமை முன்வைத்த சோசலிசப் பாணிச் சமுதாயத் தீர்மானத்தை ஏற்றது. காலப்போக்கில் மாநாடுகளுக்கிடையே இடைவெளியும் நீண்டது. 85ஆவது மாநாடு 2023இல்தான் ராய்ப்பூரில் நடந்தது. ஆண்டு தவறாமல் கூடியிருந்தால் அந்த எண்ணிக்கை 1969இலேயே நிறைந்திருக்கும்.