அவுரித் தொட்டி

திருத்தணியைத் தாண்டி ஆந்திர எல்லையோரம் இருக்கிற அம்மையார்குப்பம் நெசவாளர் ஊர். பருத்தி நூலுக்கு நீல வாட் சாயம் போடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்: தொட்டியிலிருந்து எடுக்கும்போது நூல் நீலமாக இருக்காது. மஞ்சளும் பச்சையுமாக வரும். காற்றுப் பட்ட பிறகுதான் நீலம் ஏறும். அந்தக் காற்று முன்கூட்டியே தொட்டிக்குள் புகுந்தால், சாயத்தைக் கரைத்து வைத்திருக்கிற ஹைட்ரோஸ் வீண். நமக்கு வேண்டிய வினையும் வேண்டாத வினையும் ஒரே தொட்டியில் போட்டி போடுகின்றன.

பல வினைகள் ஒன்றாக நடக்கும்போது உலையை எப்படி வடிவமைப்பது என்பது வேதிப் பொறியியலின் பெரிய கேள்வி. இத்துறையின் முதல் ஐரோப்பியக் கருத்தரங்கு 1957-ல் ஆம்ஸ்டர்டாமில் நடந்தது. ஆக்டேவ் லெவன்ஸ்பீலின் பாடநூல் 1962-ல் வந்தது. ஆனால் இதே கேள்விக்குத் தொட்டி கட்டி விடை சொன்னவர்கள் அதற்கு வெகுகாலம் முன்பே நம்மூரில் இருந்தார்கள்.

அவுரி இலையில் நீலம் கிடையாது. இருப்பது இண்டிகான் என்னும் நிறமற்ற பொருள். ஊறும்போது இலையின் நொதி அதை உடைத்து இண்டாக்சிலையும் சர்க்கரையையும் தருகிறது. இண்டாக்சில் ஆக்சிஜனோடு சேர்ந்தால் நீலம். ஆனால் அதுமட்டுமா நடக்கும்? இண்டாக்சிலில் ஒரு பகுதி ஐசாட்டினாக மாறி, மிச்சமிருக்கும் இண்டாக்சிலோடு கூடி இண்டிரூபின் என்னும் சிவப்பாகிவிடும். ரொம்ப நேரம் ஊறவிட்டால் கிருமிகள் பெருகி இண்டாக்சிலையே தின்று தீர்க்கும். கொஞ்ச நேரம் ஊறவைத்தால் இலையிலேயே சரக்கு தங்கிவிடும்.

அதனால்தான் இரண்டு தொட்டி. மேல்தொட்டியில் இலையை நீருக்குள் அமுக்கி ஊறவைப்பார்கள். காற்றுக்கு அங்கே வேலையில்லை. சாறு கீழ்த்தொட்டிக்கு இறங்கியதும், ஆட்கள் உள்ளே இறங்கி அடித்துக் கலக்குவார்கள். இங்கே காற்றுதான் எல்லாம். முதல் வினையையும் இரண்டாவது வினையையும் இடத்தாலும் நேரத்தாலும் பிரித்துவிட்டார்கள். எப்போது நிறுத்துவது? கடிகாரம் இல்லை, நுரையும் சாற்றின் நிறமும் சொல்லும். அரை நாள் பிசகினாலும் ஒரு வயல் வெள்ளாமையே நாற்றமெடுத்த சேறாகிவிடும்.

எதிர்ப்பக்கம் ஜெர்மனி. 1880-ல் அடால்ஃப் ஃபான் பேயர் நீலத்தை ஆய்வுக்கூடத்தில் செய்தார். அதைச் சந்தைக்குக் கொண்டுவர பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனத்துக்கு 17 வருஷமும் ஏறத்தாழ 1.8 கோடி கோல்ட் மார்க்கும் பிடித்தன. நாப்தலீனைச் சூடான கந்தக அமிலத்தில் ஆக்சிஜனேற்றம் செய்கிற படி அவர்களுக்கு மந்தமாகவே இருந்தது. ஒருநாள் தெர்மாமீட்டர் உடைந்து பாதரசம் கலந்ததால் வினை வேகமெடுத்தது என்பது அந்தத் தொழிலில் பிரபலமான கதை. 1897-ல் செயற்கை நீலம் விற்பனைக்கு வந்தது. அந்த வருஷம் உலகில் சுமார் 19,000 டன்னாக இருந்த இயற்கை நீலம், 1914-ல் 1,000 டன்னாகச் சுருங்கியது.

அவுரித் தொட்டி தோற்றது வேதியியல் தெரியாததால் அல்ல. அதன் கணக்கு ஆட்களின் உடம்பிலும் கண்ணிலும் இருந்தது; எண்ணாக மாறாததால் பெரிதாக்க முடியவில்லை. பேயருக்கு 1905-ல் நோபல் பரிசு கிடைத்தது. இடுப்பளவு சாற்றில் நின்று அடித்தவர்களில் ஒருவர் பெயரும் நமக்கு மிஞ்சவில்லை. திண்டிவனம் பக்கம் இன்றும் சிலர் அவுரி ஊறவைக்கிறார்கள். நிறுத்த வேண்டிய நேரத்தை அங்கே இப்போதும் தொட்டியைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.