கிணறு மட்டும் பொது

கூட்டுக் குடும்பங்களில் பாகப்பிரிவினை நடப்பதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். நிலத்தை அளந்துவிடலாம். பாத்திரங்களை எண்ணிவிடலாம். நகைகளைத் தராசில் வைத்துவிடலாம். கடைசியில் வந்து நிற்பது கிணறு. அதை வெட்டிப் பங்கு போட முடியுமா? ஆகவே, "கிணறு பொது" என்று பத்திரத்தில் ஒரு வரி எழுதுவார்கள். பிற்காலத்தில் வழக்கு முளைப்பதும் பெரும்பாலும் அந்த வரியிலிருந்துதான்.

தேசங்கள் பிரியும்போதும் இதே கதைதான். சேர்ந்திருந்த ராஜ்யத்தை விட்டு வெளியேறினால் ஜனங்களுடைய வீடு என்னாகும், வந்து போகிறவர்கள் கதி என்னாகும், பிழைப்பு என்னாகும் என்று உலகில் எங்கே விவாதம் கிளம்பினாலும் எனக்கு 1965ஆம் வருஷத்துச் சிங்கப்பூர்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

மலாயா, சிங்கப்பூர், சபா, சரவாக் என்னும் நான்கும் சேர்ந்து மலேசியா என்று ஒரே குடும்பமானது 1963 செப்டம்பர் 16ஆம் தேதி. இரண்டு வருஷம்கூட அந்த உறவு தாக்குப் பிடிக்கவில்லை. வரிப் பணத்தில் தகராறு. வாக்களித்த பொதுச் சந்தை வரவில்லை என்று மனத்தாங்கல். யாருக்கு முதலிடம் என்ற இனப் போட்டி. 1964இல் சிங்கப்பூர் வீதிகளில் இரண்டு முறை கலவரம் மூண்டு ரத்தம் சிந்தியது. 1965 ஆகஸ்டு 9ஆம் தேதி பிரதம மந்திரி துங்கு அப்துல் ரஹ்மான் கோலாலம்பூர்ப் பாராளுமன்றத்தில் பிரிவினையை அறிவித்தார். ஆதரவாக 126 வாக்குகள்; எதிராக ஒன்றுகூட இல்லை. அன்று டெலிவிஷனில் பேச வந்த லீ குவான் யூ பேச்சின் நடுவே கண்ணீர் விட்டார்.

மலேசியா சிங்கப்பூரைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டது என்றுதான் ஜனங்கள் வெகு காலம் நம்பியிருந்தார்கள். பின்னர் வெளிவந்த தஸ்தாவேஜுகள் வேறு விதமாகச் சொல்கின்றன. சிங்கப்பூர் நிதி மந்திரி கோ கெங் சுவீ, அதற்கு முந்தைய மாதமே அப்துல் ரஸாக்குடன் ரகசியமாகப் பேசிப் பிரிவுக்கு வழி செய்தவர். அந்தக் காகிதங்களை வைத்திருந்த கோப்புக்கு அவர் 'ஆல்பட்ராஸ்' என்று பெயரிட்டிருந்தார். கழுத்தில் தொங்கும் சுமை என்று அர்த்தம். ஆக, தள்ளியவரும் உண்டு. வாசலை நோக்கி நடந்தவரும் உண்டு.

கையெழுத்திட மனம் வராதவர்களும் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் எஸ். ராஜரத்தினம். யாழ்ப்பாணத்தில் பிறந்து, மலாயாவின் ஸெரம்பானில் வளர்ந்து, லண்டனில் இருந்த காலத்தில் ஆங்கிலத்தில் சிறுகதைகள் எழுதியவர். "வேறு வழியில்லை" என்று துங்கு எழுதிய கடிதம் வந்த பிறகே அவரும் தோ சின் சாயும் ஒப்பமிட்டார்கள். பிறகு புதுத் தேசத்தின் முதல் வெளிநாட்டு மந்திரியானார் ராஜரத்தினம். இனி அவர் உறவு கொண்டாட வேண்டிய முதல் அந்நிய நாடு எது? தாம் வளர்ந்த நாடு! கதை எழுதுகிறவன் கற்பனையில்கூட இப்படி ஒரு திருப்பத்தை வைக்கத் தயங்குவான்.

முதலில் பிழைப்பைப் பார்ப்போம். ஏறக்குறைய இருபது லட்சம் பேர் வாழும் தீவில் தொழிற்சாலை வைத்தால் சரக்கை யாருக்கு விற்பது? மலாயாச் சந்தை வேண்டும் என்பதற்காகத்தானே கூட்டுக் குடும்பத்தில் சேர்ந்தார்கள்! பிரிந்ததும் அந்தச் சந்தை சுங்கச் சுவருக்கு அப்பால் போய்விட்டது. போதாக் குறைக்கு 1968 ஜனவரியில் பிரிட்டிஷ் சர்க்கார் தன் ராணுவத் தளங்களைக் காலி செய்யப் போவதாக அறிவித்தது. தீவின் வருமானத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அந்தத் தளங்களை அண்டியிருந்தது.

அவர்கள் பிழைத்தது எப்படி? டச்சுப் பொருளாதார நிபுணர் ஆல்பர்ட் வின்ஸீமியஸின் ஆலோசனைப்படி 1961இலேயே பொருளாதார வளர்ச்சிக் கழகம் ஏற்பட்டிருந்தது. ஜூரோங் சதுப்பு நிலத்தைத் தூர்த்துத் தொழிற்பேட்டையும் போட்டிருந்தார்கள். 'கோவின் பைத்தியக்காரத்தனம்' என்று ஊர் அதைப் பரிகசித்தது. பக்கத்து வீட்டுச் சந்தை மூடிய பிறகு, உலகத்துக்கே சரக்குச் செய்வோம் என்று அந்நியக் கம்பெனிகளை அங்கே அழைத்தார்கள். ஒன்றை மறக்கலாகாது. பிரிவினை இந்த அஸ்திவாரத்தைப் போடவில்லை. அஸ்திவாரம் முன்னமே இருந்தது. வேறு போக்கிடம் இல்லை என்ற பயத்தைத்தான் பிரிவினை கொடுத்தது.

வீட்டின் கதையும் இப்படியே. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றியது 1960இல். அதற்கு முன்பிருந்த பிரிட்டிஷ் காலத்து ஸ்தாபனம் முப்பத்திரண்டு வருஷங்களில் கட்டியது சுமார் 23,000 வீடுகள். புதுக் கழகமோ முதல் ஐந்து வருஷங்களிலேயே 50,000க்கு மேல் கட்டியது. 1961 மே மாதம் புக்கிட் ஹோ ஸ்வீ குடிசைப் பகுதியில் தீப்பற்றிச் சுமார் 16,000 பேர் தெருவில் நின்றார்கள். அந்தச் சாம்பலின் மேலேயே அடுக்கு மாடிகள் எழுந்தன. வீட்டைச் சொந்தமாக வாங்கும் திட்டமும் 1964இலேயே வந்துவிட்டது. ஆனால் முன்பணம் இல்லாத ஏழைகளால் வாங்க முடியவில்லை.

பிரிவுக்குப் பிறகுதான் வேகம் பிறந்தது. 1966இல் நிலம் கையகப்படுத்தும் சட்டம். 1968இல் சேமநிதிப் பணத்தைக் கொண்டே வீடு வாங்கலாம் என்ற அனுமதி. இதற்கிடையே 1967இல் கட்டாய ராணுவ சேவை வந்திருந்தது. சொந்த வீடில்லாத குடும்பத்துப் பையன், "யாருடைய சொத்தைக் காக்க நான் துப்பாக்கி தூக்க வேண்டும்?" என்று நினைக்க மாட்டானா? லீயின் கவலை அது. இன்று அந்நாட்டுக் குடிமக்களில் பெரும்பாலோர் கழகத்து வீடுகளில்தான் வசிக்கிறார்கள். அந்தப் பெருமைக்கு விலை கொடுத்தவர்களும் உண்டு. சந்தை விலைக்குக் குறைவாக நிலத்தை இழந்தவர்களும், கோழியும் தோட்டமுமாக வாழ்ந்த கம்பத்தை விட்டு மாடி ஏறியவர்களும் அவர்கள்.

மூன்றாவது, மனிதர்கள். ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் இடையே 1924இல் திறந்த கரைப்பாலம் ஒரு கிலோமீட்டர் தூரம்தான். காலையில் இக்கரையில் வேலை, மாலையில் அக்கரையில் சாப்பாடு என்று இருந்தவர்கள் 1967 முதல் பாஸ்போர்ட்டை நீட்ட வேண்டியதாயிற்று. குடிமகன் அல்லாதவன் வேலை செய்ய அநுமதிச் சீட்டு வேண்டும் என்ற சட்டம் பிரிந்த வருஷக் கடைசியிலேயே வந்துவிட்டது. மலேசியாவும் 1968இல் அப்படியே சட்டம் செய்தது. அதன் அடி விழுந்தது யார் மேல்? ரப்பர்த் தோட்டங்களில் தலைமுறையாக உழைத்தும் குடியுரிமைக் காகிதம் பெறாதிருந்த தமிழர்கள் மேல்தான். 1969ஐ ஒட்டி ஆயிரக்கணக்கானவர்கள் கப்பல் ஏறி, தாங்கள் பிறந்தேயிராத 'சொந்த ஊரு'க்குத் திரும்பினார்கள். காகிதம் என்பது காகிதம்தானே என்று அலட்சியமாக இருந்த ஏழைக்கு, ராஜ்யம் இரண்டான அன்றுதான் அதன் கனம் தெரிந்தது.

கிணறு என்னாயிற்று என்று வாசகர்கள் கேட்கலாம். நிஜமாகவே கிணறு பொதுவாகத்தான் இருந்தது! ஜொகூரிலிருந்து தண்ணீர் எடுக்க 1961இலும் 1962இலும் செய்த ஒப்பந்தங்களுக்குப் பிரிவினைப் பத்திரத்திலேயே உத்தரவாதம் எழுதி வைத்தார்கள். முதலாவது 2011இல் முடிந்தது. மற்றது 2061 வரை செல்லும். தண்ணீர் விலையைப் பற்றிய வழக்காடல் இன்றும் ஓயவில்லை. தஞ்சோங் பகார் ரயில் நிலையமும் அதன் தண்டவாளமும் மலேசியாவின் கையைவிட்டுப் போக 2011 வரை ஆயிற்று. பிரிவதற்கு ஒரு நாள் போதும். பிரிந்து முடிக்க அரை நூற்றாண்டும் போதவில்லை.

இன்று தமிழ்நாட்டுக் கிராமத்திலிருந்து கட்டட வேலைக்குச் செல்லும் இளைஞன் கையில் அதே அநுமதிச் சீட்டுத்தான் இருக்கிறது. அவன் அடுக்கு மாடியைக் கட்டுகிறான். கட்டி முடிந்ததும் சாவி வேறொருவர் கைக்குப் போகிறது. அவன் அடுத்த மாடிக்குச் சாரம் ஏறுகிறான். பிரிந்து போன தேசம் செழித்ததா என்று கேட்டால், செழித்தது என்று தாராளமாகச் சொல்லலாம். ஆனால் பாகப்பிரிவினைக்கு ஊர்ப் பெரியவர்கள் உட்காரும்போது, கிணற்றைப் பற்றிப் பேசும் அளவுக்காவது, எந்தப் பங்கிலும் பெயர் இல்லாமல் திண்ணையில் நிற்கிறவனைப் பற்றியும் பேசவேண்டும். பத்திரத்தில் அவனுக்கு ஒரு வரி எழுத இடமில்லாமலா போய்விடும்?